சுவரில் மாறும் படம்: அமெரிக்க அதிபரின் கட்சி படைவீரரை எப்படித் தொடுகிறது?

அமெரிக்காவில் புதிய அதிபர் பதவியேற்கும் நாள் ஜனவரி 20. நண்பகல் 12 மணிக்குப் பழையவரின் பதவிக்காலம் முடிகிறது. அதையொட்டி உலகெங்கும் உள்ள அமெரிக்கப் படைத்தளங்களில் ஒரு சின்ன வேலை நடக்கும். தலைமையகக் கட்டடத்தின் சுவரில், அதிபரில் தொடங்கி அந்தப் படைப்பிரிவின் தளபதி வரை, யாருக்குக் கீழ் யார் என்று காட்டும் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். அவற்றில் முதல் படத்தைக் கழற்றிவிட்டுப் புதியவரின் படத்தை மாட்டுவார்கள். மாட்டுகிறவர் தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

2025 ஜனவரி 20 அன்று இன்னொரு படமும் இறங்கியது. கூட்டுப் படைத் தளபதிகள் குழு என்பது அதிபருக்கு ஆலோசனை சொல்லும் உச்சத் தளபதிகளின் குழு. அதற்குத் தலைமை வகித்தவர்களின் ஓவியங்கள் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனின் ஒரு நடைவழியில் மாட்டப்பட்டிருக்கின்றன. ஜெனரல் மார்க் மில்லியின் ஓவியம் சில நாட்களுக்கு முன்புதான் அங்கே இடம்பெற்றிருந்தது. டிரம்ப் பதவியேற்ற சில மணி நேரத்துக்குள் அதை அகற்றிவிட்டார்கள். மில்லியை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தவரும் டிரம்ப்தான். பிற்பாடு இருவருக்கும் இடையே கசப்பு முற்றிப்போனது.

முதல் படத்தை மாற்றியது அரசியல் சட்டம். இரண்டாவது படத்தை இறக்கியது அரசியல். எந்தக் கட்சியின் அதிபர் வந்தால் ராணுவத்துக்கு நல்லது என்று அமெரிக்காவில் தேர்தல்தோறும் ஒரு விவாதம் எழுகிறது. இந்த இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அதில் பாதி விளங்கிவிடும். மீதிக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

முதலில் இரண்டு சொற்கள்

ராணுவப் பண்பாடு என்பது ஒரு படைக்குள் எழுதியும் எழுதாமலும் நிலவும் பழக்கவழக்கங்களின் தொகுப்பு. யாரை மதிக்கிறார்கள், எதற்குக் கூச்சப்படுகிறார்கள், மேலதிகாரி தவறான ஆணையிட்டால் என்ன செய்வார்கள், பெண்ணையோ வேறு நிறத்தவரையோ தங்களில் ஒருவராக ஏற்கிறார்களா என்பதெல்லாம் அதில் அடங்கும். இது மெல்ல உருவாகி மெல்ல மாறுவது. ஒரு தலைமுறை அதிகாரிகள் ஓய்வு பெற்றால்தான் சில பழக்கங்கள் சாகும்.

மன உறுதி வேறு. கடினமான வேலையை, இன்னும் கொஞ்ச நாள், பக்கத்தில் நிற்பவரை நம்பிச் செய்யத் தயாராக இருக்கும் நிலை அது. சம்பளம் ஒரு வாரம் தாமதமானாலே குறையும். நல்ல தளபதி ஒருவர் வந்தால் ஒரு மாதத்தில் ஏறும்.

அதிபரின் கட்சி இந்த இரண்டையும் ஒரே வேகத்தில் தொடுவதில்லை. மன உறுதி பற்றிய பேச்சு தேர்தல் முடிவு வந்த இரவிலேயே மாறிவிடும். பண்பாடு மாறுவதற்கு அதே திசையில் பல ஆண்டுகள் தொடர்ந்து தள்ள வேண்டும்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியாவிலும் குடியரசுத் தலைவரே முப்படைகளின் தலைவர். ஆனால் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். அமெரிக்க அதிபரின் நிலை அப்படி இல்லை. அவரே உண்மையில் ஆணையிடும் தலைமைத் தளபதி. கூடவே ஒரு கட்சியின் தலைமுகமும் அவர்தான். ஒரே மனிதர் இரண்டு தொப்பிகளை அணிந்திருக்கிறார். சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சிக்கலுக்கு அணையாக அமெரிக்கர்கள் சில ஏற்பாடுகளைச் செய்துவைத்திருக்கிறார்கள். சிப்பாயாகச் சேர்பவர் எடுக்கும் உறுதிமொழியில் அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்பது முதலில் வருகிறது. அதிபருக்கும் மேலதிகாரிகளுக்கும் கீழ்ப்படிவேன் என்பது அதன் பிறகுதான். அதிகாரிகள் எடுக்கும் உறுதிமொழியில் அதிபர் என்ற சொல்லே இல்லை. பணியில் இருப்பவர் வாக்களிக்கலாம், கட்சிக்கு நன்கொடை தரலாம், சீருடை இல்லாமல் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளராக உட்காரலாம். மேடையேறக் கூடாது, பிரசாரம் செய்யக் கூடாது. அதிபரை இழிவாகப் பேசும் அதிகாரிக்கு ராணுவச் சட்டப்படி தண்டனை உண்டு. ராணுவ அதிகாரியாக இருந்தவர் பணியிலிருந்து விலகி ஏழு ஆண்டு கழிந்த பிறகே பாதுகாப்புத் துறைச் செயலராக வரலாம் என்றும் சட்டம் இருக்கிறது; ஜெனரல்களுக்கு இப்போது அது பத்து ஆண்டு. இந்த விதிக்கு காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றம், விலக்கு அளிக்க முடியும். 2017இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் கேட்டு ஜேம்ஸ் மாட்டிஸுக்கும், 2021இல் ஜனநாயகக் கட்சியின் பைடன் கேட்டு லாயிட் ஆஸ்டினுக்கும் அந்த விலக்கு கிடைத்தது. அணையில் கல்லை உருவியதில் இரு கட்சிகளுக்கும் பங்கு இருக்கிறது.

படையின் சாய்வு எங்கிருந்து வந்தது?

அமெரிக்க ராணுவம் என்றாலே குடியரசுக் கட்சியின் பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையை வழிநடத்திய ஜார்ஜ் மார்ஷல் வாக்களிக்கவே மறுத்தவர். அந்தக் காலத்து அதிகாரிகள் பலருக்கு அரசியலில் இருந்து ஒதுங்கி நிற்பதே தொழில் பெருமையாக இருந்தது. 1976இல்கூட உயரதிகாரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தம்மைக் குடியரசுக் கட்சியினர் என்று சொல்லிக்கொண்டதாக ஆய்வுகள் காட்டின. 1996இல் அது மூன்றில் இரண்டு பங்காகியிருந்தது. எந்தக் கட்சியும் இல்லை என்றவர்கள்தான் இந்த இடைவெளியில் கரைந்துபோனார்கள்.

காரணங்கள் பல. 1973இல் கட்டாய ராணுவ சேவை முடிவுக்கு வந்தது. அதுவரை எல்லா வகை வீடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு விரும்புகிறவர்கள் மட்டும் வந்தார்கள். தென் மாநிலங்களிலிருந்தும், அப்பாவோ தாத்தாவோ படையில் இருந்த குடும்பங்களிலிருந்தும் வருபவர்கள் கூடினார்கள். வியட்நாம் போரின் கசப்பு, ஜனநாயகக் கட்சி தங்களைக் கைவிட்டது என்ற எண்ணத்தைப் பல அதிகாரிகளிடம் விதைத்தது. 1980களில் குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் அவர்களுக்குப் பணமும் பாராட்டும் தந்தார். சிப்பாய்களின் கதை கொஞ்சம் வேறு. அவர்களில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் பெண்களும் அதிகாரிகள் மட்டத்தைவிட அதிகம். அரசியல் கருத்துகளும் பொதுமக்களைப் போலவே சிதறிக் கிடக்கின்றன. ராணுவம் இப்படி நினைக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த ராணுவம், எந்தப் பதவி என்று கேட்க வேண்டும்.

இந்தச் சாய்வு ஒரு அதிபரின் முகத்துக்கு நேரே வெடித்தது 1993இல். ஜனநாயகக் கட்சியின் பில் கிளிண்டன் வியட்நாம் போருக்குப் போகாமல் தவிர்த்தவர். பதவிக்கு வந்ததும் தன்பால் ஈர்ப்பினர் வெளிப்படையாகப் பணிபுரிய அனுமதிப்பேன் என்றார். படைக்குள் முணுமுணுப்பு எழுந்தது. அந்த மே மாதம் நெதர்லாந்தில் உள்ள ஒரு தளத்தில் நடந்த விருந்தில் விமானப்படையின் மேஜர் ஜெனரல் ஹெரால்டு கேம்ப்பெல் அதிபரைப் போதைப்பொருள் புகைத்தவர், பெண் பித்தர், போருக்குப் பயந்து ஒளிந்தவர் என்ற பொருளில் கேலி செய்தார். விசாரணை நடந்தது. சுமார் 7,000 டாலர் அபராதத்தோடும் கண்டனத்தோடும் அவர் ஓய்வு பெற நேர்ந்தது. அந்த நடவடிக்கையை எடுத்தது விமானப்படையே. கிளிண்டனைப் பிடிக்காத அதிகாரிகளும் அதைச் சரி என்றே ஏற்றார்கள் என்பதில்தான் பண்பாட்டின் பலம் தெரிகிறது. மனிதரைப் பிடிக்காமல் இருக்கலாம். அந்த நாற்காலியை இழிவுபடுத்த முடியாது.

யார் சேரலாம் என்ற கேள்வி

அதிபரின் கட்சி படைப் பண்பாட்டை மிக ஆழமாகத் தொடும் இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன்.

1948 ஜூலை 26 அன்று அதிபர் ஹாரி ட்ரூமன் 9981ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஆயுதப்படைகளில் இனம், நிறம் பாராமல் அனைவருக்கும் சம வாய்ப்பு என்றது அந்த ஆணை. அதுவரை கறுப்பின வீரர்களுக்குத் தனிப் படைப்பிரிவு, தனி உணவுக்கூடம், தனித் தங்குமிடம். ட்ரூமன் ஜனநாயகக் கட்சிக்காரர். அவரைக் கடுமையாக எதிர்த்தவர்களில் பலர் அவருடைய கட்சியின் தென் மாநிலத் தலைவர்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் அவர்கள் தனி வேட்பாளரையே நிறுத்தினார்கள். கட்சிப் பெயரை மட்டும் பார்த்தால் இந்த வரலாறு பிடிபடாது.

ஆணை வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. தரைப்படையின் தளபதிகள் இழுத்தடித்தார்கள். வீரர்களின் மன உறுதி கெடும், போர்த்திறன் குறையும் என்றார்கள். பிறகு கொரியப் போர் வந்தது. வெள்ளையர் பிரிவுகளில் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். அந்த இடங்களை நிரப்பக் கறுப்பின வீரர்கள் பின்னால் காத்திருந்தார்கள். களத்தில் இருந்த தளபதிகள் கலந்து நிறுத்தினார்கள். மேலே இருந்தவர்கள் பயந்தது போல எதுவும் நடக்கவில்லை. கடைசித் தனிப் பிரிவு 1954இல் கலைக்கப்பட்டபோது அதிபராக இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஐசனோவர். ஒரு கட்சியின் அதிபர் தொடங்கியதை மறு கட்சியின் அதிபர் முடித்துவைத்தார். அதனால்தான் அது வேரூன்றியது.

தன்பால் ஈர்ப்பினர் விஷயத்தில் பாதை இன்னும் வளைந்தது. கிளிண்டனின் திட்டத்துக்குக் காங்கிரஸிலும் எதிர்ப்பு, தளபதிகளிடமும் எதிர்ப்பு. முடிவில் ஓர் அரைகுறைச் சமரசம் சட்டமானது: நாங்கள் கேட்க மாட்டோம், நீங்களும் சொல்லக் கூடாது. அந்தச் சட்டத்தின் கீழ் 13,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பொய் சொல்லக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளிலிருந்தே சொல்லித்தரும் ஒரு நிறுவனம், தன் ஆட்களில் ஒரு பகுதியினர் தினமும் ஒளிந்து வாழ்ந்தால்தான் வேலை என்றது. அந்த முரண் எத்தனை பேரை உள்ளுக்குள் அரித்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

2010 டிசம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா காலத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. செனட்டில் 65க்கு 31 என்று வாக்குகள் விழுந்தன. ஆதரித்தவர்களில் எட்டுப் பேர் குடியரசுக் கட்சியினர். அதற்கு முன்பு பென்டகன் படையினரிடமே கருத்துக் கேட்டது. பதிலளித்தவர்களில் 70 சதவீதம் பேர், பெரிய கெடுதல் ஒன்றும் வராது என்ற வகையில் சொன்னார்கள். மரைன் படையின் தளபதி ஜேம்ஸ் ஏமோஸ் மிக வெளிப்படையாக எதிர்த்தார். போர் நடக்கும்போது இந்த மாற்றம் கவனத்தைச் சிதறடிக்கும் என்று காங்கிரஸ் முன் சாட்சியம் சொன்னார். சட்டம் நிறைவேறிய பிறகு அதே ஏமோஸ், தம் வீரர்களிடம் இதை முழு மனத்தோடு செயல்படுத்துவோம் என்றார். முடிவெடுக்கும் வரை வாதாடுவது, முடிவு வந்தபின் கடமையைச் செய்வது. ராணுவப் பண்பாடு என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த நிகழ்வைத்தான் சொல்வேன்.

இப்போது திருநர் வீரர்களின் நிலையைப் பாருங்கள். 2016இல் ஒபாமா ஆட்சி அனுமதித்தது. 2017 ஜூலை 26 அன்று, ட்ரூமன் ஆணையிட்ட அதே தேதியில், டிரம்ப் ட்விட்டரில் தடையை அறிவித்தார். வழக்குகளுக்குப் பிறகு 2019இல் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. 2021 ஜனவரியில் பைடன் அதை நீக்கினார். 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் தடைக்கு ஆணையிட்டார். மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செயல்படுத்த அனுமதித்தது. ஒன்பது ஆண்டுக்குள் நான்கு திருப்பங்கள். தடை சரி என்பவர், தவறு என்பவர் இருவரையும் ஒரு நிமிடம் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் படைப்பிரிவின் சார்ஜன்ட் நிலையிலிருந்து யோசியுங்கள். தன் கீழ் நன்றாக வேலை செய்யும் ஒருவர் அடுத்த தேர்தலுக்குப் பிறகு இருப்பாரா என்று அவருக்குத் தெரியாது. எதைப் பயிற்றுவிக்க வேண்டும், எதைத் தண்டிக்க வேண்டும் என்பதும் நிலையாக இல்லை. முந்தைய இரண்டு மாற்றங்கள் தாமதமாக வந்தாலும் நிலைத்தன. இது ஆணையாக வந்து ஆணையாகப் போகிறது. ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் பேரின் வாழ்க்கை அதோடு சேர்ந்து திரும்புகிறது.

கொரோனா தடுப்பூசி விஷயமும் இப்படித்தான் ஆனது. 2021இல் பைடன் ஆட்சி அதைக் கட்டாயமாக்கியது. மறுத்த 8,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். காங்கிரஸின் வற்புறுத்தலால் 2023 தொடக்கத்தில் அந்தக் கட்டாயம் நீங்கியது. 2025இல் டிரம்ப் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டார். படையில் தடுப்பூசிகள் புதியவை அல்ல. சேரும் நாளிலேயே வரிசையாகப் போடுவார்கள். இந்த ஒன்று மட்டும் கட்சி அடையாளமாகிவிட்டது.

பணமும் போரும்

இந்த இரண்டிலும் கட்சிகளைப் பற்றிய பொது நம்பிக்கை அடிக்கடி பொய்த்துப்போகிறது. ரீகன் ராணுவத்தைத் தூக்கி நிறுத்தினார், அவருக்கு முன்பிருந்த ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் வாட விட்டார் என்பது பலரின் நினைவு. 1970களின் முடிவில் படை உண்மையிலேயே நலிந்திருந்தது. 1980 ஏப்ரலில் ஈரானில் பணயக்கைதிகளை மீட்கப் போன முயற்சி பாலைவனத்தில் எட்டு உயிர்களோடு முடிந்தது. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 11.7 சதவீதச் சம்பள உயர்வு கார்ட்டர் கையெழுத்தில் வந்தது. மறு ஆண்டு ரீகன் காலத்தில் சராசரியாக 14.3 சதவீதம் உயர்ந்தது. இரண்டும் சேர்ந்துதான் சிப்பாய் வீட்டு அடுப்பை எரிய வைத்தன. நன்றி ஒருவருக்கு மட்டும் போனது. ரீகன் படையினரைப் பார்த்துப் பேசிய விதமும் அதற்குக் காரணம். அவர்களை அவர் பெருமையாகப் பேசினார். அதுவும் மன உறுதியின் ஒரு பகுதிதான், மறுக்க முடியாது.

போரை எடுத்துக்கொண்டால், அதிகாரிகளில் பெரும்பாலோர் விரும்பி வாக்களித்த குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில்தான் தரைப்படை மிக அதிகமாகக் கசக்கிப் பிழியப்பட்டது. ஈராக்கை நிலைப்படுத்தப் பல லட்சம் வீரர்கள் வேண்டும் என்று தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி 2003 பிப்ரவரியில் சொன்னார். பென்டகனின் அரசியல் தலைமை அதைப் பகிரங்கமாக மறுத்தது. 2007 ஏப்ரலில் ஈராக், ஆப்கானிஸ்தான் பணிக்காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீண்டது. ஒப்பந்தம் முடிந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள். பிள்ளையின் இரண்டு பிறந்தநாள்களை அடுத்தடுத்துத் தவறவிட்ட ஒரு தந்தைக்கு, தான் வாக்களித்தவரே அதிபர் என்பது எந்த அளவுக்கு ஆறுதல் தந்திருக்கும்?

பதவி உயர்வும் பதவி நீக்கமும்

தளபதியை நீக்க அதிபருக்கு உரிமை உண்டு. 1951 ஏப்ரலில் ட்ரூமன், கொரியப் போரின் நாயகனாக மக்கள் கொண்டாடிய டக்ளஸ் மெக்ஆர்தரை நீக்கினார். மெக்ஆர்தர் அரசின் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்து, குடியரசுக் கட்சித் தலைவர் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அது காங்கிரஸில் படிக்கப்பட்டது. நாடு கொதித்தது. கூட்டுப் படைத் தளபதிகள் ட்ரூமன் பக்கம் நின்றார்கள். 2010இல் ஒபாமா ஆட்சியைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் முன் ஏளனமாகப் பேசிய தம் குழுவினரால் ஜெனரல் ஸ்டான்லி மெக்ரிஸ்டல் பதவியை இழந்தார். இரண்டிலும் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2025 பிப்ரவரியில் கூட்டுப் படைத் தளபதிகள் குழுத் தலைவர் சி. க்யூ. பிரவுன், கடற்படையின் முதல் பெண் தலைவர் லிசா ஃபிராஞ்செட்டி உள்ளிட்டோர் ஒரே நாளில் நீக்கப்பட்டபோது, அவர்கள் செய்த குறிப்பிட்ட தவறு எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதிபரின் உரிமைக்குள் அடங்கியதுதான். என் கவலை அவர்களுக்குப் பல படி கீழே நிற்கும் கர்னலைப் பற்றியது. திறமையால் உயரலாம் என்று இருபது ஆண்டு உழைத்தவர், இனி எந்த ஆட்சியில் யாரோடு படம் எடுத்துக்கொண்டோம் என்றும் கணக்குப் பார்க்கத் தொடங்கினால், மேலே கசப்பான உண்மையைச் சொல்ல ஆள் இருக்காது. ஷின்செகி போல ஒருவர் எழுந்து எண்ணிக்கை போதாது என்று சொல்லும் துணிச்சல்தான் முதலில் போகும்.

பழி அதிபர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. கருக்கலைப்புக்காகப் பயணம் செய்யும் படைப்பெண்களுக்கு உதவும் பென்டகன் கொள்கையை எதிர்த்து, 2023இல் குடியரசுக் கட்சியின் செனட்டர் டாமி டியூபர்வில் செனட்டின் ஒப்புதல் தேவைப்படும் 400க்கும் மேற்பட்ட உயரதிகாரிகளின் பதவி உயர்வை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் அவர்கள் அல்லர். இடமாற்றத்துக்காக வீட்டைக் காலி செய்தவர்களும், பிள்ளைகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாதவர்களும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

படையைக் கட்சிக் கூட்டமாக்கும் ஆசை

என்னை மிகவும் உறுத்துவது இது. சீருடைக்கு மக்களிடம் இருக்கும் மதிப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள இரு கட்சிகளுமே ஆசைப்படுகின்றன. 2016இல் ஓய்வு பெற்ற ஜெனரல் மைக்கேல் ஃபிளின் குடியரசுக் கட்சி மாநாட்டிலும், ஓய்வு பெற்ற ஜெனரல் ஜான் ஆலன் ஜனநாயகக் கட்சி மாநாட்டிலும் மேடையேறினார்கள். 2022 செப்டம்பரில் பிலடெல்பியாவில் பைடன் எதிர்த்தரப்பைக் கடுமையாகச் சாடிய உரையின்போது அவருக்குப் பின்னால் இரண்டு மரைன் வீரர்கள் விறைப்பாக நின்றார்கள். 2020 ஜூனில் போராட்டக்காரர்களை விலக்கிவிட்டு வெள்ளை மாளிகையிலிருந்து டிரம்ப் நடந்துபோனபோது களச்சீருடையில் மில்லி கூடச் சென்றார். பத்து நாள் கழித்து, நான் அங்கே இருந்திருக்கக் கூடாது என்று ஒரு பட்டமளிப்புக் காணொளி உரையில் ஒப்புக்கொண்டார். தவறை இப்படித் திறந்து சொன்ன தளபதிகள் குறைவு.

2025 ஜூனில் ஃபோர்ட் பிராக் தளத்தில் டிரம்ப் பேசியபோது, அவருக்குப் பின்னால் சீருடையில் இருந்த இளம் வீரர்கள் முன்னாள் அதிபர் பைடன் பெயருக்கும் பத்திரிகையாளர்களுக்கும் கூச்சலிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று வர்ஜீனியாவின் குவாண்டிகோ தளத்தில் நூற்றுக்கணக்கான ஜெனரல்களும் அட்மிரல்களும் அதிபர் முன் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பெரும்பாலும் அமைதிதான். அந்த அமைதியை எதிர்ப்பு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது ஆண்டுப் பயிற்சி அவர்களைக் கைதட்டாமல் உட்கார வைத்தது. வேறு கட்சியின் அதிபர் பேசியிருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். பத்தொன்பது வயது வீரருக்கு அந்தப் பயிற்சி இன்னும் முழுதாக ஊறியிருக்காது. கூச்சலுக்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படைப்பிரிவிலேயே பைடனுக்கு வாக்களித்த ஒருவர் பக்கத்தில் நின்றிருப்பார். நாளை காயம்பட்டால் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர்கள் அன்று கத்தியதை அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

செய்தியில் மன உறுதி என்று படித்தால்

எண்களைத் தேடுங்கள். 2022இல் தரைப்படைக்கு 60,000 பேர் தேவைப்பட்டார்கள். சுமார் 45,000 பேரே சேர்ந்தார்கள். பைடன் ஆட்சியின் முற்போக்குக் கொள்கைகளே காரணம் என்று குடியரசுக் கட்சியினர் சொன்னார்கள். தரைப்படையே இளைஞர்களிடம் கேட்டறிந்தபோது முன்னால் நின்ற காரணங்கள் வேறு: உயிர்பயம், மனக்காயம், குடும்பத்தைப் பிரிவது. அதே ஆண்டில் உள்ளே இருந்தவர்கள் மறு ஒப்பந்தத்தில் நன்றாகவே கையெழுத்திட்டார்கள். மன உறுதி குன்றிய படையில் அது நடக்காது. 2022 ஆகஸ்டில் தேர்வில் பின்தங்கியவர்களுக்கு முன்பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார்கள். 2024இல் 55,000 என்ற இலக்கை எட்டினார்கள். 2025இல் 61,000 என்ற இலக்கை ஜூன் மாதமே தொட்டார்கள். ஏற்றம் ஒரு அதிபர் காலத்தில் தொடங்கி அடுத்தவர் காலத்தில் வேகம் பிடித்தது. இரு தரப்பும் தம் சாதனை என்கின்றன.

மறு ஒப்பந்தம் போடுகிறவரின் மேசையில் என்னென்ன இருக்கும் என்பதை ஃபோர்ட் பிராக்கில் பார்க்கலாம். வட கரோலினாவில் உள்ள இந்தத் தளத்துக்கு முதலில் உள்நாட்டுப் போரில் பிரிவினைத் தரப்பில் படை நடத்திய ஒரு ஜெனரலின் பெயர். 2023 ஜூனில் அதை ஃபோர்ட் லிபர்ட்டி ஆக்கினார்கள். 2025 பிப்ரவரியில் மறுபடி ஃபோர்ட் பிராக். இம்முறை இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ரோலண்ட் பிராக் என்ற சிப்பாயின் பெயரால். 2022இல் அங்கே வந்து சேர்ந்தவர் இடம் பெயராமலே இரண்டு முறை முகவரியை மாற்றி எழுதியிருப்பார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்மோக் பாம் ஹில் என்ற பகுதியின் தங்குமிடங்களில் பூஞ்சணம் மண்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கட்டடங்கள் ஒரு ஆட்சியில் கெட்டவை அல்ல. பல அதிபர்களின் காலத்தில், பராமரிப்புப் பணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளித் தள்ளி வைத்ததால் கெட்டவை.